செமினாருக்கு ஹீட் ஷாக் புரோட்டீன் தலைப்பு மாட்டிகிச்சு, பாஸ்படேஸ் இதுல எங்க வந்து ஒட்டுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வியாசை தினேஷ் · ராத்திரி 11.20

வணக்கம் மக்களே. வியாசர்பாடி, எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி ரெண்டாவது வருசம். மேடம் சீட்டு குலுக்கிப் போட்டு செமினார் தலைப்பு குடுத்தாங்க, பக்கத்து பெஞ்சு பையனுக்கு இன்சுலின் வந்துச்சு, அவன் ஒரே நாள்ல ஸ்லைடு முடிச்சிட்டு தெரு முனைல கேரம் ஆடிட்டு இருக்கான், எனக்கு மாட்டுனது கேன்சர் செல் சிக்னலிங்ல ஹீட் ஷாக் புரோட்டீனும் பாஸ்படேஸும். தனித்தனியா படிச்சா புரியுது. மடிப்பு கலைஞ்ச புரோட்டீன ஹெச்எஸ்பி (ஹீட் ஷாக் புரோட்டீன்) புடிச்சு சரி பண்ணும், பாஸ்படேஸ் பாஸ்பேட்ட கழட்டும், ஓகே. ஆனா நடுவுல ஒரு "உம்" இருக்கு பாருங்க, அதுதான் புரியல. புக்குல ஒண்ணு 4வது சாப்டர்ல கீது இன்னொண்ணு 15வதுல கீது.

இதுல புராஜெக்ட் சோகம் வேற. எஸ்கேபிஆர்3ன்ற மார்பு கேன்சர் செல்லுல, ஹெச்எஸ்பி90ன்ற வகைய அமுக்குற 17-ஏஏஜி மருந்து போட்டு, வெஸ்டர்ன் பிளாட்ல (ஒரு புரோட்டீன் இருந்தா பேண்டுன்னு கோடா காட்ற டெஸ்ட்) பாஸ்போ ஏகேடி, அதாவது செல்ல வளர சொல்ற ஏகேடி புரோட்டீன்ல பாஸ்பேட் ஒட்டுனது இருக்கான்னு பாத்தேன், மொத தடவ மருந்து போட்ட லேன்ல பேண்டே இல்ல, செம குஷி, மருந்து வேலை செய்யுதுன்னு எல்லாருக்கும் டீ வாங்கி குடுத்தேன். ரெண்டாவது தடவ மருந்து போடாத லேன்லயும் பேண்ட் இல்ல. டீ காசு போச்சு.

லோகோ பெரியவர் · ராத்திரி 11.48

தம்பி, நான் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல பிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். சிக்னல்னு தலைப்புல பாத்துட்டு ரயில்வே சமாச்சாரம்னு நெனச்சு உள்ள வந்துட்டேன். வந்தது வந்தாச்சு, வெயிலுக்கு தூக்கமும் வரல. பாஸ்பேட்ட கழட்டுறதுன்னா இன்னா, எதுலேந்து கழட்டுறது, கழட்டுனா இன்னா ஆவும், கொஞ்சம் அடிலேந்து யாராவது சொல்லுங்கப்பா.

மூலக்கடை ஜெயா · காலை 6.15

ஐயா வணக்கம். தினேஷ் நீயும் படி. நான் லேப்ல பத்து வருசமா வெஸ்டர்ன் பிளாட் ஓட்டி ஓட்டி கை ரேகை தேஞ்சவ, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன்.

செல்லுக்குள்ள ஒரு புரோட்டீன் இன்னொரு புரோட்டீனுக்கு சேதி சொல்றது பெரும்பாலும் பாஸ்பேட் வெச்சுதான். ஒருத்தன் வந்து பாஸ்பேட்ட ஒட்டிட்டு போவான், அவன் பேரு கைனேஸ். ஒட்டுனதும் அந்த புரோட்டீன் முழிச்சிக்கும், இல்ல சிலது தூங்கிடும், அது ஆளுக்கு ஆள் மாறும். இன்னொருத்தன் வந்து அத பிச்சு எடுப்பான், அவன் பாஸ்படேஸ். இவ்ளோதான் ஐயா. வளரு, பிரி, சாவாத, நகருன்னு செல்லுக்கு வர்ற உத்தரவெல்லாம் இந்த ஒட்டுறது பிக்கிறதுலதான் ஓடுது. கேன்சர்னா ஒட்டுறது நிக்காம ஒட்டிகினே இருக்கறதுன்னு ஒரு பாதி உண்மைய எல்லாரும் படிச்சிருப்போம். மீதி பாதி என்னன்னா பிக்கிறவன் வேலைக்கு வரல.

மனுசன்ல கைனேஸ் ஜீன் 518ன்னு 2002ல கணக்கு போட்டாங்க. அதுல புரோட்டீன்ல இருக்கற செரின், திரியோனின்னு ரெண்டு அமினோ ஆசிட்ல ஒட்டுற ஆளுங்க மட்டும் 400 சொச்சம். அதே ரெண்டுலேந்து பிக்கிறவங்கள எண்ணுனா கேட்டலிட்டிக் ஜீன் (பிக்கிற வேலைய பண்ற துண்டோட ஜீன்) 40 சுத்திதான் வரும். அதனால ரொம்ப நாளா எல்லாரும் பாஸ்படேஸ்னா சும்மா தொடைக்கிற துணி, எதையும் தொடைக்கும், அதுக்கு மூளை கிடையாதுன்னு ஒதுக்கிட்டாங்க. அது தப்பு. பிபி2ஏன்னு ஒண்ணு இருக்கு, அது மூணு துண்டு சேந்தது, ஏ ஒரு தாங்கி, சி பிக்கிற வேலைய பண்றது, பி எங்க போய் பிக்கணும்னு காட்றது. ஏயும் சியும் பெருசா மாறாது, பி மட்டும் நாலு குடும்பம், அதுல பல வகை.

லோகோ பெரியவர் · காலை 6.40

டிரில்லிங் மெஷின் மாதிரி. மோட்டாரும் சக்கும் ஒண்ணுதான், பிட்டு மாத்துனா வேலை மாறும். சரியா?

மூலக்கடை ஜெயா · காலை 6.52

ஐயோ சூப்பர் ஐயா, இத நான் திருடிக்கிறேன். எஸ்வி40ன்னு ஒரு வைரஸ், அதோட ஸ்மால் டி ஆன்டிஜென் வந்து என்ன பண்ணும் தெரியுமா, மெஷின ஒடைக்காது, பிட்ட கழட்டி வுட்டுட்டு அந்த எடத்துல தான் ஒக்காந்துக்கும். மோட்டார் சுத்தும், ஓட்டை விழாது. ஜப்பான்ல கடல் பஞ்சுலேந்து எடுத்த ஒகடாயிக் ஆசிட் பிபி2ஏவ அமுக்குது, எலி தோல்ல கட்டி வளர தூண்டுதுன்னு 1988லயே தெரிஞ்சு போச்சு. அப்பவே இவன் சும்மா துணி இல்ல, காவக்காரன்னு சந்தேகம் வந்திருச்சு.

இப்ப ஹெச்எஸ்பி. 1962ல இத்தாலி நேப்பிள்ஸ்ல ரிட்டோசான்னு ஒருத்தர் பழ ஈயோட உமிழ்நீர் சுரப்பில குரோமோசோம் பாத்துகினு இருந்தார். லேப்ல யாரோ இன்குபேட்டர் சூட்ட ஏத்தி வுட்டுட்டாங்க. குரோமோசோம்ல வழக்கமா இல்லாத எடத்துல உப்பலா தெரிஞ்சுது, சூடு பட்டதும் புது ஜீனுங்க முழிச்சிருக்கு. அதுலேந்து வர்ற புரோட்டீன் என்னன்னு 1974லதான் கண்டுபுடிச்சாங்க. 70, 90, 27ன்னு பின்னாடி வர்ற நம்பரெல்லாம் கிலோடால்டன்ல எடை, அவ்ளோதான், பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. (எங்க லேப்ல யாராவது இன்குபேட்டர ஏத்தி வெச்சா கண்டுபிடிப்பு வராது, சண்டைதான் வரும்.)

ஹெச்எஸ்பி70 புதுசா வர்ற, இல்ல அடிபட்ட புரோட்டீன புடிச்சு நிமித்தும். ஹெச்எஸ்பி90 வேற மாதிரி, அது ஜோடியா நிக்கும், செல்லோட எரிபொருள் ஏடிபி வந்தா குறடு மாதிரி வாய மூடும், பாதி மடிஞ்ச புரோட்டீன கடைசி வரைக்கும் தாங்கி நிக்கும். சாதாரண செல்லுலயே மொத்த புரோட்டீன்ல 1லேந்து 2 சதவீதம் இது ஒண்ணே. இது யார தாங்குதுன்னு பாருங்க: ஹெர்2, ஏகேடி, ராஃப், சிடிகே4, பிசிஆர் ஏபிஎல், கெட்டுப்போன பி53. கேன்சர் புக்க தொறந்தா வர்ற அத்தன பேரும் இங்கதான் வரிசைல நிக்கறாங்க. மியூட்டேசன் ஆன கைனேஸ் வேகமா ஓடும், ஆனா தானா நிக்க தெம்பு இருக்காது, சாரம் கட்டி நிக்கற செவுரு மாதிரி. வி-சார்க்குன்னு கோழி வைரஸ் கைனேஸ் ஒண்ணு, அதுக்கு ஹெச்எஸ்பி90 இல்லாம நிக்கவே வராது, அதோட நல்ல அண்ணன் சி-சார்க்குக்கு அவ்ளோ தேவைப்படல. ஹெச்எஸ்பி90 கேன்சர ஆரம்பிக்கல, ஆரம்பிச்சவன கீழ விழாம புடிச்சிருக்கு.

டூட்டிக்கு நேரமாச்சு, உன் "உம்" எங்க இருக்குன்னு சாயந்தரம் சொல்றேன்.

காசிமேடு ஐஸ்பொட்டி · காலை 9.05

யக்கா சோக்கா சொல்றக்கா. மீன்புடி தடைகாலம், ஜூன் 14 வரிக்கும் போட்டு போவாது, சும்மா குந்திகினு இத்த தான் படிச்சிகினு கீறேன். பாதி பிர்ல ஆனா படிக்க நல்லா கீது.

தண்டையார்பேட்டை பார்மா · காலை 10.30

மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன், பி.பார்ம். ஜெயா மேடம் சொல்றபடி பாத்தா ஹெச்எஸ்பி90ஐ அமுக்குற ஒரே மாத்திரைல ஹெர்2, ஏகேடி, ராஃப் எல்லாத்தையும் சாய்ச்சுடலாமே. அப்படி ஒண்ணு ஏன் என் ரேக்ல இல்ல?

மூலக்கடை ஜெயா · சாயந்தரம் 7.10

பார்மா சார் சரியான எடத்துல கைய வெச்சாரு, அதுக்கும் வரேன், மொதல்ல தினேஷுக்கு.

உன் "உம்" ஒரு எடத்துல இல்லப்பா, எனக்கு தெரிஞ்சு மூணு எடம் நல்லா கெட்டியா இருக்கு.

மொத எடம் உன் பிளாட்லயே இருக்கு. ஏகேடி முழிச்சிருக்கணும்னா அதுமேல பாஸ்பேட் இருக்கணும், அத பிக்க பிபி2ஏ சுத்திகினே இருக்கும். ஜப்பான்ல சுருவோ குழு 2000ல காட்டுனது, ஏகேடிய ஹெச்எஸ்பி90 புடிச்சிருக்கற வரைக்கும் பிபி2ஏவால அத சரியா பிக்க முடியல. அந்த புடிய வுடவெச்சா பாஸ்பேட் போயிடுது, ஏகேடி தூங்கிடுது, செல்லு சாவுறதுக்கு ரெடியாவுது. அதாவது ஹெச்எஸ்பி90 இங்க மடிப்பு வேலை மட்டும் பாக்கல, முந்தானைக்கு பின்னாடி புள்ளைய ஒளிச்சு வெச்சு வாத்தியார் அடியிலேந்து காப்பாத்துற பாட்டி வேலை பாக்குது. மருந்து போட்ட ஒடனே பாஸ்போ பேண்ட் கொறையறது ஒரு கதை, 24 மணி நேரம் கழிச்சு மொத்த ஏகேடியே கொறையறது வேற கதை, அப்ப புரோட்டீன் அழிஞ்சே போவுது. நீ எத்தன மணி நேரம் வெச்ச, மொத்த ஏகேடி பாத்தியா இல்லியா, அத சொல்லு.

ரெண்டாவது எடம் எனக்கு ரொம்ப புடிச்சது. ஹெச்எஸ்பி90க்கு பின்னாடி ஒரு வால் இருக்கு, கடைசி அஞ்சு அமினோ ஆசிட் மெத்தியோனின், குளுட்டமேட், குளுட்டமேட், வேலின், அஸ்பார்டேட். இந்த வால புடிச்சுக்க போட்டி போடற கூட்டம் ஒண்ணு இருக்கு. அதுல ஒருத்தன் பிபி5, அவன் ஒரு பாஸ்படேஸ். தனியா இருக்கும்போது தன் கைய வெச்சே தன் வாய பொத்திகினு இருப்பான், வால புடிச்சதும் கை அந்தாண்ட போவும், வாய் தொறக்கும், வேலை ஆரம்பிக்கும். என்ன வேலை? கைனேஸ ஹெச்எஸ்பி90 கிட்ட கூட்டிகினு வர்ற தரகர் ஒருத்தர் இருக்காரு, சிடிசி37ன்னு பேரு, அவரோட 13வது செரின்ல பாஸ்பேட் இருந்தாத்தான் கைனேஸ நல்லா புடிப்பாரு. பிபி5 அத பிச்சுடும், 2008ல வந்த வேலை இது. பிச்சாத்தான் தரகர் அந்த ஆள வுட்டுட்டு அடுத்த ஆள கூட்டியார போவாரு. சமீபத்துல கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல இவங்க எல்லாம் ஒண்ணா நிக்கறத படமே புடிச்சுட்டாங்க, ராஃப் கைனேஸ் மேல இருக்கற பாஸ்பேட்டையும் பிபி5 அங்கயே தொடைக்குதுன்னு சொல்றாங்க.

அதே வால புடிக்கிற இன்னொருத்தன் சிப், அவன் புடிச்சா கைனேஸுக்கு யூபிக்விட்டின்னு அழிக்க சொல்ற ஒரு சீட்ட ஒட்டி குப்பைக்கு அனுப்பிடுவான். அந்த வால்லயே பாஸ்பேட் ஒட்டிட்டா சிப்பால புடிக்க முடியாது, ஹாப்புன்னு ஒருத்தன் புடிப்பான், அவன் மடிக்கிற கோஷ்டி. புரியுதா? மடிக்கிறதா அழிக்கிறதான்னு தீர்ப்பு சொல்ற வால்லயே ஒரு பாஸ்பேட் பஞ்சாயத்து.

மூணாவது நாளைக்கு. சோறு வடிக்கணும்.

வியாசை தினேஷ் · ராத்திரி 8.00

அக்கா கால காட்டுங்க, விழுந்துடறேன். 24 மணி நேரம் வெச்சேன். மொத்த ஏகேடி மருந்து லேன்ல கொஞ்சம் கம்மி, மருந்து போடாததுல ஜம்முனு இருக்கு. ரெண்டாவது தடவ மொத்த ஏகேடி ரெண்டுலயும் இருக்கு, பாஸ்போ 473 மட்டும் ரெண்டுலயும் சுத்தமா இல்ல.

மூலக்கடை ஜெயா · ராத்திரி 9.35

லைசிஸ் பஃபர்ல, அதான் செல்ல ஒடைக்கிற கரைசல்ல, என்ன போட்ட? ஒண்ணு வுடாம எழுது.

வியாசை தினேஷ் · ராத்திரி 9.41

ரிப்பா பஃபர், புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர், சோடியம் ஆர்த்தோவனடேட். வனடேட் சீனியர் ஒருத்தர் கலக்கி வெச்சிட்டு போனது, மஞ்சளா இருந்துச்சு.

மூலக்கடை ஜெயா · ராத்திரி 9.58

மஞ்சளா இருந்துச்சுன்னு சாதாரணமா சொல்றான் பாரு!!

கண்ணு, வனடேட்ட பிஹெச் 10ல வெச்சு நெறம் போற வரைக்கும் கொதிக்க வெக்கணும், ஆறவெச்சு திரும்ப பிஹெச் பாத்து திரும்ப கொதிக்க வெக்கணும், தண்ணி மாதிரி தெளிவா நின்னாத்தான் அது வேலைக்கு ஆவும். மஞ்சளா இருந்தா அதுங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துகினு கும்பலா கீதுன்னு அர்த்தம். அதவிட பெரிய தப்பு, வனடேட் அமுக்கறது டைரோசின்னு வேற ஒரு அமினோ ஆசிட்லேந்து பிக்கிற டைரோசின் பாஸ்படேஸ. நீ பாக்கறது 473வது செரின். செரின் பக்கம் பிக்கிறவன அமுக்க சோடியம் ஃபுளோரைடு, பீட்டா கிளிசரோபாஸ்பேட் போடணும். நீ திருடன் வர்ற வாசல தொறந்து வெச்சிட்டு ஜன்னலுக்கு பூட்டு போட்டிருக்க, அந்த பூட்டும் ஓட்ட பூட்டு.

செல்ல ஒடச்சதும் கைனேஸுக்கு ஏடிபி கெடைக்காது, ஒட்டுற வேலை நின்னு போவும். பிக்கிறவனுக்கு ஏடிபி தேவையே இல்ல, தண்ணி இருந்தா போதும், அவன் பாட்டுக்கு பிச்சிகினே இருப்பான். செல்லு செத்தப்புறமும் டூட்டி பாக்குற ஆளு பாஸ்படேஸ். சாம்பிள எங்க ஒடச்ச, எங்க ஓட்டுன?

வியாசை தினேஷ் · ராத்திரி 10.12

எங்க டிபார்ட்மென்ட்ல சென்ட்ரிபியூஜ் கூலிங் ரிப்பேர், ஆறு மாசமா சொல்லிட்டு இருக்கோம் யாரும் கண்டுக்கல (காலேஜ் பேரு வேணாம்). அதனால இன்னொரு பிளாக்குக்கு எடுத்துட்டு போனேன், மத்தியானம் ரெண்டு மணி, ஐஸ் மெஷின்லயும் ஐஸ் இல்ல, டம்ளர்ல நாலு ஐஸ் கட்டி போட்டு நடந்தேன், போறதுக்குள்ள தண்ணி ஆயிடுச்சு...

காசிமேடு ஐஸ்பொட்டி · ராத்திரி 10.20

டேய் தம்பி இன்னாடா இது!! நாலு கட்டி ஐஸ்ல வஞ்சிரத்த எட்தாந்தா அத்த எவன்டா வாங்குவான். மீனு செத்துப்போச்சே இன்னும் இன்னா ஆவப்போவுதுன்னு வுட்டா ரெண்டு மணி நேரத்துல செவுளு வெளுத்து வவுறு ஒடஞ்சிடும். செத்தப்பால தான்டா உள்ள கீறதுங்க ஆட்டம் போடும், அக்கா சொல்றது அதான? எங்கள்து தெர்மாகோல் பொட்டி ஒண்ணு சும்மா கீது, வந்து வாங்கிக்க. ஐஸ்ஸ ஒடச்சி போடணும், கட்டியா போட்டா நடுவுல காத்து நிக்கும், சில்லு ஏறாது. அடில ஒரு பர, நடுவுல பொருளு, மேல ஒரு பர.

மூலக்கடை ஜெயா · ராத்திரி 10.31

எங்க புரோட்டோகால் ஷீட்டவிட இது தெளிவா இருக்கு. தினேஷ் போய் பொட்டிய வாங்கு. ஆங், ஆன்டிபாடி கண்ட எடத்துல ஒட்டாம பிளாட்ட பிளாக் பண்ண பால் பவுடர் போடாத, பால்ல கேசீன் இருக்கு, அது மேலயே பாஸ்பேட் இருக்கு, பாஸ்போ ஆன்டிபாடி அதப்போய் புடிச்சு பேக்கிரவுண்டு அசிங்கமா வரும். பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்துலேந்து எடுக்கற ஆல்புமின்) போடு.

வெந்நீர் வைத்தியன் · ராத்திரி 11.55

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? உடம்பில் உஷ்ணம் ஏறினால் கேன்சர் செல் தானாக சாகும் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். தினமும் இரண்டு வேளை ஆவி பிடித்து, வெந்நீர் தொட்டியில் உட்கார்ந்தால் போதும். கீமோ எல்லாம் வியாபாரம்.

மூலக்கடை ஜெயா · காலை 6.05

யாரும் அப்படி ஒத்துக்கல சார், திரும்ப படிங்க. சூடு வெச்சு கேன்சருக்கு வைத்தியம் பண்றது உண்மையிலேயே இருக்கு, ஹைபர்தெர்மியான்னு பேரு, மெஷின் வெச்சு கட்டிய மட்டும் 42, 43 டிகிரி வரைக்கும் ஏத்துவாங்க, அதுவும் ரேடியேசன் இல்ல கீமோவோட சேத்துத்தான், தனியா இல்ல. அங்கயே ஹெச்எஸ்பிதான் தலைவலி. ஒரு தடவ சூடு காட்டுனா தப்பிச்ச செல்லு ஹெச்எஸ்பிய குவிச்சு வெச்சுக்கும், அடுத்த ரெண்டு மூணு நாளைக்கு சூடு பட்டாலும் அசையாது, அதனாலதான் வாரத்துக்கு ரெண்டு தடவன்னு இடைவெளி வுட்டு பண்றாங்க. நீங்க சொல்ற தொட்டில ஒக்காந்தா கட்டி வரைக்கும் அந்த சூடு போவாது, தோல்தான் வேவும். கீமோ போட்டு ரத்தம் கொறஞ்சவங்க இத படிச்சிட்டு பண்ணா மயங்கி விழுவாங்க, தயவு செஞ்சு போடாதீங்க.

ஹெச்எஸ்பிய கூப்புடற மேஸ்திரி ஹெச்எஸ்எஃப்1. சும்மா இருக்கும்போது ஹெச்எஸ்பி70, 90 இவங்களே அவன புடிச்சு ஒக்கார வெச்சிருப்பாங்க. சூட்டுல மடிப்பு கலைஞ்ச புரோட்டீன் எக்கச்சக்கமா வந்துட்டா இவங்க அத புடிக்க ஓடுவாங்க, மேஸ்திரி கட்டு அவுந்து மூணு மூணா சேந்து நியூக்ளியசுக்குள்ள போய் இன்னும் ஹெச்எஸ்பி செய்ங்கடான்னு உத்தரவு போடுவான். ஹெச்எஸ்எஃப்1 இல்லாத எலிக்கு கேன்சர் கட்டி ரொம்ப கம்மியா வருதுன்னு லிண்ட்குவிஸ்ட் லேப்ல 2007ல காட்டுனாங்க. அவன் இல்லன்னா எலி பாட்டுக்கு இருக்கு, கேன்சர் செல்லுக்குத்தான் அவன் இல்லாம பொழப்பு ஓடல.

பார்மா சார், உங்க ரேக் ஏன் காலின்னு கேட்டீங்களே, பதில் இதுதான். ஹெச்எஸ்பி90ஐ அமுக்குனா மேஸ்திரி கட்டு அவுந்துடும், ஹெச்எஸ்பி70, 27 ரெண்டும் மளமளன்னு ஏறும். செல்லு சாவ வழி பண்ற ஆளுங்க அப்பாஃப்1, சைட்டோகுரோம் சின்னு ரெண்டு பேர், 70 போய் அப்பாஃப்1ஐ புடிச்சு செல்லு சாவறத தடுக்கும், 27 போய் சைட்டோகுரோம் சிய புடிக்கும். ஒரு பாட்டிய வெளிய அனுப்புனா ரெண்டு அத்தைங்க வந்து ஒக்காந்துகிச்சு.

தண்டையார்பேட்டை பார்மா · காலை 11.00

நல்லா சொன்னீங்க மேடம். நானும் தேடிப் பாத்தேன். ஜெல்டானமைசின் மண்ணுல இருக்கற ஸ்ட்ரெப்டோமைசஸ்லேந்து 1970ல எடுத்திருக்காங்க, அது ஹெச்எஸ்பி90ல போய் ஒக்காருதுன்னு 1994லதான் தெரிஞ்சிருக்கு. ஈரலுக்கு ஆகலன்னு மாத்தி செஞ்சதுதான் தம்பி போட்ட 17-ஏஏஜி. ஹெர்2 பாசிட்டிவ் (கட்டில ஹெர்2 அதிகமா இருக்கற) ஆளுங்களுக்கு ஹெர்2வ புடிக்கிற டிராஸ்டுசுமாப் ஊசியோட சேத்து குடுத்து கொஞ்ச பேருக்கு கட்டி சுருங்கியிருக்கு, ஆனாலும் கடைக்கு வரல. கானெட்டெஸ்பிப் நுரையீரல் கேன்சருக்கு 3ம் கட்ட மருந்து சோதனை வரைக்கும் போய் 2015ல நின்னுது. கடைசில ஜப்பான்ல மட்டும் 2022ல பிமிடெஸ்பிப்னு ஒண்ணுக்கு அனுமதி, அதுவும் ஜிஸ்ட்னு குடல் பக்கம் வர்ற ஒரு கட்டிக்கு, மத்த மருந்தெல்லாம் கைவிட்டப்புறம்.

கொருக்குப்பேட்டை மலர் · மத்தியானம் 2.15

நான் படிச்சவ இல்ல, டைலரிங் பண்றேன். எங்கம்மாவுக்கு மார்புல கட்டி, ரிப்போர்ட்ல ஹெர்2 3 பிளஸ்னு போட்டிருக்கு, டிராஸ்டுசுமாப் ஊசி மூணு வாரத்துக்கு ஒருக்கா போடறாங்க. ஆஸ்பத்திரில வரிசைல நாலு மணி நேரம் நின்னு உள்ள போனா ரெண்டு நிமிசம்தான் பேசுறாங்க, ஹெர்2ன்னா இன்னான்னு கேட்டதுக்கு ஊசி போடறோம்ல, போதும்மான்னுட்டாங்க. இங்க அந்த பேர பாத்ததும் கேக்கலாம்னு தோணுச்சு. ஊசி நிறுத்தாம போட்டா போதுமாங்க?

மூலக்கடை ஜெயா · சாயந்தரம் 7.30

மலர், நான் டாக்டர் இல்ல, லேப்ல இருக்கறவ, அதனால எது தெரியுமோ அத மட்டும் சொல்றேன். ஹெர்2 செல்லு மேல நிக்கற ஒரு கைனேஸ், ஆன்டெனா மாதிரின்னு வெச்சுக்கோ. சாதாரண செல்லுல கொஞ்சமா இருக்கும், 3 பிளஸ்னா மொட்ட மாடி முழுக்க ஆன்டெனா. ராவும் பகலும் வளரு வளருன்னு சேதி உள்ள போயிகினே இருக்கும். உங்கம்மாவுக்கு போடற ஊசி வெளிலேந்து அந்த ஆன்டெனாவ புடிச்சு மூடுது, அங்க ஒரு ஆளு ஒக்காந்திருக்குன்னு நோய் எதிர்ப்பு செல்லுக்கும் காட்டி குடுக்குது. 1998லேந்து இருக்கற மருந்து, இது வந்தப்புறம்தான் ஹெர்2 பாசிட்டிவ்காரங்க நிலைமையே மாறுச்சு. டாக்டர் சொன்ன தேதிய தள்ளாம போடுங்க, நடுவுல இதயத்துக்கு எக்கோ எடுக்க சொல்லுவாங்க, அதையும் வுடாதீங்க, இந்த மருந்து சில பேருக்கு இதயத்த கொஞ்சம் தளர வெக்கும். மூச்சு வாங்குனா, கால் வீங்குனா அடுத்த ஊசி வரைக்கும் காத்திருக்காம போய் சொல்லுங்க. நாங்க இங்க பேசற ஹெச்எஸ்பி மருந்தெல்லாம் அம்மாவுக்கு இப்ப சம்மந்தம் இல்ல, அதப்பத்தி கவலை வேணாம். ரிப்போர்ட்ட எடுத்துகினு ஞாயித்துக்கிழம மூலக்கடை பக்கம் வா, டாக்டர்கிட்ட கேக்க வேண்டியத ஒரு பேப்பர்ல எழுதி தரேன், அந்த ரெண்டு நிமிசத்துல கேட்டுடலாம்.

கொருக்குப்பேட்டை மலர் · சாயந்தரம் 7.52

கண்டிப்பா வரேங்க. ரொம்ப நன்றிக்கா.

லோகோ பெரியவர் · ராத்திரி 8.20

ஜெயாம்மா, மூணாவது எடம் பாக்கி இருக்கு. அதுக்கு முன்ன ஒரு சந்தேகம். ரயில் பெட்டில பிரேக் பைப்புல எப்பவும் 5 கிலோ பிரஷர் நிக்கும். பைப் அறுந்தாலும் பெட்டி கழண்டாலும் பிரஷர் எறங்கி பிரேக் தானா புடிச்சுக்கும், எதாவது கெட்டா வண்டி நிக்கணும், அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கோம். நீ சொல்றத பாத்தா செல்லுல பாஸ்படேஸ் கெட்டா வண்டி ஓடுது. இது இன்னா டிசைன்?

மூலக்கடை ஜெயா · ராத்திரி 9.15

ஐயா நீங்க கேட்டதுதான் மூணாவது எடமே!! 

ஜேஎன்கேன்னு ஒரு கைனேஸ், அடிபட்ட செல்லுல முழிச்சுகினு, அடி ரொம்ப பெருசுன்னா செத்துப்போன்னு சொல்ற ஆளு. சூடு பட்டதும் ஜேஎன்கே ஏறுது. யாரோ மேலேந்து சுவிட்சு போட்டிருப்பாங்கன்னு தேடுனாங்க. 1999ல ஷெர்மன் குழு சொன்னது, யாரும் பெருசா சுவிட்சு போடல, அத அணைக்கிற பாஸ்படேஸ் வேலை செய்யாம போச்சு, அதனாலதான் எரியுதுன்னு. அந்த பாஸ்படேஸ் சூட்டுக்கு ரொம்ப தொட்டாசிணுங்கி, மடிப்பு கலைஞ்சு கட்டிகட்டியா ஒறஞ்சு போயிடும். செல்லுக்குள்ள ஹெச்எஸ்பி70 நெறைய இருந்தா அது ஒறையாம காப்பாத்தும், ஜேஎன்கே அணையும், செல்லு பொழைக்கும்.

இப்ப கேன்சர் செல்ல நெனச்சு பாருங்க, அதுகிட்ட ஹெச்எஸ்பி70 ஏற்கனவே கூடை கூடையா கீது. செத்துப்போன்னு சொல்ற மணிய அணைக்க அதுகிட்ட பாஸ்படேஸ் எப்பவும் ரெடி. ஒரு பக்கம் வளருன்னு சொல்ற ஏகேடிய பாஸ்படேஸ்கிட்டேந்து ஒளிச்சு வெக்குது, இன்னொரு பக்கம் சாவுன்னு சொல்ற ஜேஎன்கேவ அணைக்க பாஸ்படேஸ சாவாம காப்பாத்துது. ஒளிச்சு வெக்கறது 90, காப்பாத்துறது 70, ரெண்டும் ஹெச்எஸ்பிதான். தினேஷ், உன் செமினார்ல இது ஒண்ணு சொன்னா போதும்னு நான் நெனக்கிறேன்.

பிரேக் கேள்விக்கு: செல்லுக்கும் நீங்க சொல்ற மாதிரி தானா புடிக்கிற பிரேக் இருக்கு, செத்துப்போறதுதான் அது. கேன்சர் மொதல்ல அந்த பைப்பத்தான் அடைக்குது.

வியாசை தினேஷ் · ராத்திரி 9.40

அக்கா ஒரே ஒரு டவுட்டு. அப்ப பாஸ்படேஸ்னா எப்பவும் நல்லவன், பிக்க பிக்க கேன்சர் கொறையும்னு ஒரு வரில போட்டுக்கலாமா?

மூலக்கடை ஜெயா · ராத்திரி 9.55

போடாத, மேடம் கிழிச்சு தொங்க வுட்டுடுவாங்க. நல்லவன்னா பிடென் சொல்லலாம், 1997ல கண்டுபுடிச்சது, அது புரோட்டீன்லேந்துகூட இல்ல, பிஐபி3ன்னு கொழுப்புலேந்து பாஸ்பேட்ட பிக்கும், அதனால ஏகேடி முழிக்காது, பல கேன்சர்ல இது தொலஞ்சு போயிருக்கும். ஆனா ஷிப்2ன்னு ஒருத்தன் இருக்கான், டைரோசின் பாஸ்படேஸ், அவன் பிச்சா வளருன்னு சொல்ற ராஸ் சிக்னல் கூடும். அவன் ஜீன்ல மியூட்டேசன் வந்தா நூனன் சிண்ட்ரோம்னு பொறவிக் கோளாறு, சின்ன புள்ளைங்க லுக்கேமியாவுலயும் (ரத்த கேன்சர்) அந்த மியூட்டேசன் வரும். அவன அமுக்குற எஸ்ஹெச்பி099 2016ல வந்துச்சு, அதுவும் அவன் பிக்கிற வாய தொடாம அவனோட மூணு துண்டுக்கு நடுவுல பசை மாதிரி ஒட்டி மூடி வெக்கும். வாய்க்கு நேரா மருந்து செய்ய போனா எல்லா டைரோசின் பாஸ்படேஸ் வாயும் ஒரே மாதிரி, அதான் அவ்ளோ வருசம் ஒருத்தருக்கும் மாட்டல. ஆளு யாருன்னு பேர கேட்டுட்டு பேசு, சாதிய வெச்சு பேசாத.

காசிமேடு ஐஸ்பொட்டி · ராத்திரி 10.02

கடைசி வரி எல்லாத்துக்கும் கரீட்டா பொருந்துதுக்கா.

வியாசை தினேஷ் · 12 நாள் கழிச்சு, சாயந்தரம் 6.30

செமினார் முடிஞ்சுது. டிரில்லிங் மெஷின் படம் போட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க, லோகோ ஐயாவுக்கு நன்றி. மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க, ஹெச்எஸ்பி90ய அமுக்குனா பிபி5 என்ன ஆவும்னு. மருந்து ஒக்காரது முன்பக்கம் ஏடிபி பாக்கெட்ல, பிபி5 புடிக்கறது பின்பக்க வால்ல, அதனால ரெண்டும் ஒரே எடத்துக்கு அடிச்சிக்காது, ஆனா கைனேஸே குப்பைக்கு போயிட்டா அங்க பிபி5க்கு தொடைக்க ஆளு இருக்காதுன்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லல, ஒக்காருன்னாங்க. அவங்க அகராதில அது பாராட்டுதான்.

பிளாட் திரும்ப ஓட்டுனேன். ஃபுளோரைடு, பீட்டா கிளிசரோபாஸ்பேட், புதுசா கொதிக்க வெச்ச வனடேட், காசிமேடு அண்ணன் பொட்டில ஒடச்ச ஐஸ் ரெண்டு பர. மருந்து போடாத லேன்ல பாஸ்போ ஏகேடி கரிக்கட்டை மாதிரி கருப்பா வந்திருக்கு. 4 மணி நேர லேன்ல மொத்த ஏகேடி அப்படியே இருக்கு, பாஸ்போ பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு. 24ல ரெண்டுமே எறங்கிடுச்சு.

மூலக்கடை ஜெயா · ராத்திரி 7.15

4 மணி நேர லேன இன்னும் ரெண்டு தடவ ஓட்டு. இன்னொரு செட்டுக்கு ஒகடாயிக் ஆசிட் சேத்து போடு, பாஸ்போ திரும்ப ஏறுனா பிக்கிறது பிபி2ஏ கூட்டந்தான்னு தைரியமா பேசலாம். அதுக்கு முன்னாடி டீ வாங்கி குடுக்காத.

காசிமேடு ஐஸ்பொட்டி · ராத்திரி 7.40

தம்பி எல்லாம் சரி, 15ந் தேதி போட்டு எறங்குது, பொட்டி வேணும். கழுவிட்டு கொண்டா, அதுல இன்னா மருந்து ஊத்துனியோ.

வியாசை தினேஷ் · ராத்திரி 7.44

ஊத்தல ணா, டியூப் எல்லாம் மூடிதான் வெச்சிருந்தேன். நாளைக்கு காலைல கழுவி கொண்டாறேன்.